புள்ளி வைக்காத வக்கீல்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், ஆடி மாதத்து புதன்கிழமை ஒன்றில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எங்களிடம் வந்து கொடைரோடு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். கொடைரோட்டில் அவளுக்கு ரயில் பிடிக்க வேண்டும். என் வாயில் டீ இருந்தது. நான் விழுங்குவதற்குள் என் பக்கத்தில் நின்ற வக்கீல் கையை நீட்டிவிட்டார். "அந்தா நிக்குது பாரு தாயி, எடுக்கப் போறான், ஓடு." அவள் ஓடிப்போய் ஏறினாள். பஸ் திரும்பியபோதுதான் முகப்புப் பலகை தெரிந்தது. குஜிலியம்பாறை. கொடைரோடு தெற்கே என்றால் அது வடக்கே.

தெரியாது என்று சொல்லியிருக்கலாமே சார் என்றேன். வக்கீல் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "கேட்டு வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுய்யா."

இதை இருபது வருஷம் வேடிக்கைக் கதையாகச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ரயில் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவதூறு வழக்குப் போடுவார் என்பது ஒரு காரணம். அந்தப் பெயரை அச்சில் இன்னும் ஒரு முறை அதிகமாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை என்பது இன்னொரு காரணம். எங்கள் ஊரில் வக்கீலாக இருந்து, சட்டமன்ற உறுப்பினராகி, இன்று தொலைக்காட்சியில் தேசப் பாதுகாப்பு வல்லுநராக உட்கார்ந்திருப்பவர் என்றால் போதும்.

நான் கோர்ட்டு வளாகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவன். வேப்பமரத்தடியில் மேசை. அவருடைய மனுக்களைப் பதினோரு வருஷம் நான் அடித்தேன். அன்றன்று நடந்ததைக் கிழமையோடு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வக்கீல்கள் டைப்பிஸ்டிடம் மனுவை வாயால் சொல்லிக்கொண்டே போவார்கள். இடையில் ஒரு தேதியோ, சர்வே எண்ணோ, அப்பா பெயரோ தெரியவில்லை என்றால் "புள்ளி வைங்க" என்பார்கள். நான் ஐந்தாறு புள்ளி அடித்து இடம் விடுவேன். நகல் வந்ததும், கட்சிக்காரரைக் கேட்டதும், பேனாவால் நிரப்பிக்கொள்வார்கள். எந்தப் பெரிய வக்கீலின் மனுவிலும் முதல் பிரதியில் நாலு இடத்திலாவது புள்ளி இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் மரியாதை அது என்று நினைத்துக்கொள்வேன். பதினோரு வருஷத்தில் இவர் ஒரு முறைகூடப் புள்ளி வைக்கச் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கோர்ட்டு வளாகத்தில் அவருக்கு 'ரெடி வக்கீல்' என்றே பெயர். பாராட்டாகத்தான் வைத்தோம்.

நத்தம் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் கிணற்றுப் பாத்தியதை வழக்கு. கிரயப் பத்திரத்தின் நகல் இன்னும் வரவில்லை. பதிவான தேதியை இவர் யோசிக்காமல் சொன்னார். நான் விரலை எடுத்துவிட்டேன். அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை, பத்திர ஆபீஸ் பூட்டியிருக்கும், புள்ளி வைப்போம் என்றேன். காலண்டரைப் பார்த்து வழக்காட எதிர் வக்கீல் என்ன ஜோசியக்காரனா, அடி என்றார். அடித்தேன்.

எதிர் வக்கீல் காலண்டரோடுதான் வந்தார். விவசாயி கூண்டில் ஏறி, தம் வக்கீல் சொல்லிக்கொடுத்த தேதியையே சொன்னார். அன்று என்ன கிழமை, ஆபீஸ் திறந்திருந்ததா, யார் கையெழுத்து வாங்கினார் என்று அடுத்தடுத்துக் கேள்வி வந்ததும் அவருக்கு நாக்குக் குழறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் நீதிபதி நம்பவில்லை. கிணறு போயிற்று. வெளியே வந்து அந்த மனிதர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வக்கீலய்யா சரியாத்தேன் சொல்லிக் குடுத்தாரு. நாந்தேன் கூண்டுல ஏறி ஒளறிட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற வக்கீல் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார். வக்கீல் மேல் எனக்கு முதன்முதலில் கோபம் வந்தது அன்றுதான். ஆனாலும் மறுநாள் அவர் மனுவை அடித்தேன்.

நியாயமாகச் சொல்வதென்றால் அவர் பிரமாதமாக வாதாடிய நாட்களும் உண்டு. அவற்றில் முதலாவது அபுதாகிர் பாயின் வழக்கு.

பாய் எனக்குப் பால்ய நண்பர். பேகம்பூரில் அவருக்கு ஒரு கிடங்கு. தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு வேண்டிய சரக்கு விற்கிறார். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்பு, முடி நீக்கச் சுண்ணாம்பு, தோலில் ஏறிய சுண்ணாம்பை மறுபடி வெளியே எடுக்க அமோனியம் சல்பேட் என்கிற வெள்ளைச் சரக்கு. இந்த வெள்ளைச் சரக்கு நம் வயலுக்குப் போடும் அதே உரம்தான். கிடங்கை ஒட்டி வீடு கட்டிய ஒருவர், வெடிக்கிற சரக்கை வைத்திருக்கிறார்கள், காலி பண்ண வேண்டும் என்று வழக்குப் போட்டார்.

ரெடி வக்கீல் கிடங்குக்கே போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். பாய் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி வக்கீலின் உள்ளங்கையில் கொட்டினார். "தொட்டுப் பாருங்க சார், சீனி மாதிரி இருக்கும்." வக்கீல் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு எதிருரையில் அவர் சொன்ன வாக்கியத்தை நான் அடித்தேன்: 'மேற்படி சரக்கு விவசாயி வெறுங்கையால் அள்ளி வயலில் வீசும் உரமேயன்றி எவ்வித வெடிக்கும் தன்மையும் அற்றது.' கோர்ட்டில் நின்று அதை அவர் வாதாடியபோது எழுத்தர்கள்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வழக்கு தள்ளுபடியானது. பாயின் மகன் ரியாஸ் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். அந்த எதிருரையின் நகலைப் பாய் கண்ணாடிக் காகிதத்தில் போட்டு பீரோவில் வைத்தார்.

அப்புறம் வக்கீல் அரசியலுக்குப் போனார். அதிலும் அதே ஆள்தான். தண்ணீர் எப்போது வரும் என்று பெண்கள் கேட்டால் மற்ற வேட்பாளர்கள் சீக்கிரம் வரும் என்பார்கள். இவர் தேதி சொல்வார், கிழமையோடு. ஜெயித்தார். அவர் சொன்ன தேதிகளைக் குறித்து வைத்து, அந்தந்த நாளில் அந்தந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். குழாய் இருந்தது.

அடுத்த இரண்டு தேர்தலிலும் தோற்றார். கட்சியும் மாறினார். சென்னையில் வீடு எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி விவாதங்களுக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் எல்லைப் பிரச்சினை பற்றிப் பேச வேண்டிய ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி வரவில்லை. வேறு தலைப்புக்காக வந்து காத்திருந்த இவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பனிமலையில் பீரங்கி வண்டி எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று நெறியாளர் கேட்டார். கொடைக்கானலுக்குப் போனாலே கம்பளிக்குல்லாய் தேடுகிற இந்த மனிதர் மணிக்கணக்கையும் சொன்னார், கிலோமீட்டர் கணக்கையும் சொன்னார்.

அவர் பெயருக்குக் கீழே ஓடும் வரியை நான் கவனித்து எழுதி வந்தேன். முதலில் வழக்கறிஞர் என்று போட்டார்கள். பிறகு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். அடுத்து அரசியல் விமர்சகர். டெல்லியில் பத்து நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய் வந்ததும் தேசப் பாதுகாப்பு வல்லுநர். எந்தப் பரீட்சையும் எழுதாமல் அந்த வரி மட்டும் பதவி உயர்வு பெற்றுக்கொண்டே போனது. கோர்ட்டு டீக்கடையில் அவர் முகம் வந்தால் சத்தத்தைக் கூட்டுவார்கள். "நம்ம ரெடி வக்கீல்யா, என்ன கேட்டாலும் டக்குனு சொல்லுதாரு பாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நானும் பெருமைப்பட்டேன்.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வடக்கே எங்கோ குண்டு வெடித்திருந்தது. அமோனியம் நைட்ரேட் மாதிரி வெடிமருந்துக்கான சரக்கு சிறு ஊர்களில் பதுக்கப்படுகிறதா, தென் மாவட்டங்களில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று நெறியாளர் அவரைக் கேட்டார். தெரியாது என்பதுதான் உண்மையான பதில். ஆனால் அவருக்கு அது வராது. ஏதாவது சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தில் அவர் வாழ்க்கையில் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்து விட்டார்.

"இருக்கிறது. எங்கள் திண்டுக்கல்லிலேயே, பேகம்பூரில், ஒரு கிடங்கில் அமோனியம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பதை நானே நேரில் பார்த்திருக்கிறேன்."

தன் கட்சிக்காரன் நம்பித் திறந்து காட்டிய கதவு அது. உள்ளங்கையில் வாங்கி முகர்ந்து பார்த்த சரக்கு. வெடிக்காது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் இவரே. கோர்ட்டு டீக்கடையில்தான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் மெதுவாக, "பாய் கிடங்கையா சொல்லுதாரு?" என்று என்னைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை போலீஸ் வந்தது. கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். இப்போது ரியாஸ்தான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறான், வயது இருபத்தாறு. அவனை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். டிவியில் வந்துவிட்டது, பார்க்காமல் இருக்க முடியாது பாய் என்று வந்த அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னாராம். காலையில் போய்ச் சாயங்காலம் வருவதாக ஐந்து நாள். அவன் செல்போனில் இருந்த ஒவ்வொரு எண்ணும் யார் என்று கேட்டார்கள். அதில் ஒன்று வத்தலக்குண்டில் அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணுடையது. அந்தப் பெண் வீட்டுக்கும் போன் போயிற்று. ஆறாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. உரம். வழக்கு எதுவும் இல்லை என்று சீலை எடுத்துவிட்டார்கள்.

தை மாதம் நிக்காஹ் வைத்திருந்தது. பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர். நேரில் வந்தார், சாப்பிட்டார், போகும்போது விஷயத்தைச் சொன்னார். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல பாய். ஆனா எங்க சனம் அம்புட்டும் அந்த டிவியைப் பாத்துருச்சு. போலீஸ் விட்டதை யாரு பாத்தா? அதே டிவில அதே ஆளு, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒத்த வார்த்தை சொல்லட்டும். மக்யா நாளே பந்தல் போடுறேன்." ரியாஸின் கல்யாணம் இப்படி வக்கீலின் ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது.

அடுத்த வாரம் ஊருக்கு வந்திருந்தவரைப் பார்க்கப் பாயும் நானும் போனோம். வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர். உள்ளே எங்களைப் பார்த்ததும், "ஏப்பா டைப்பு, இன்னும் நோட்டுல எழுதிட்டுத்தான் திரியிறியா?" என்று சந்தோஷமாகவே கேட்டார். பாய் எதிருரை நகலை மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். அந்த இரண்டு பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை எனக்கு நம்பிக்கை இருந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னமா வாதாடியிருக்கேன் பாருய்யா" என்றார்.

உரம் என்று நீங்களே சொன்னதை வெடிமருந்து என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். வெடிமருந்து என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லையாம். அமோனியம் என்றாராம், மூட்டை என்றாராம், இரண்டும் உண்மைதானே என்றார். யார் பெயரையும் சொல்லவில்லையே என்றார்.

"பேகம்பூர்ல அந்தச் சரக்கு வச்சிருக்குறது நான் ஒருத்தன்தான் சார்" என்றார் பாய்.

"தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வரி போதும் சார், பையன் கல்யாணம் நடந்துரும்" என்றேன் நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். "வல்லுநர்னு போட்டு உக்கார வச்சிருக்காம்பா. அங்க போயி தெரியாதுன்னு சொன்னா, அடுத்த வாரம் அந்த நாற்காலில வேற ஆளு இருப்பான். உனக்கு அது புரியாது."

எனக்குப் புரிந்தது. ஒரு நாற்காலிக்கு எதிரே ஒரு பையனின் பெயரை வைத்து நிறுத்துப் பார்க்கிறார் என்பது நன்றாகவே புரிந்தது. பாய் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை. கடைசியில் அவரே, சரி பாய், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நிகழ்ச்சியில் சொல்லிவிடுகிறேன், கல்யாணப் பத்திரிகை எனக்கும் வரவேண்டும் என்றார். பாய் கண் கலங்கிவிட்டார். வருகிற வழியெல்லாம், என்ன இருந்தாலும் நம்ம வக்கீல் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். வத்தலக்குண்டிலும் பார்க்கச் சொல்லியிருந்தார். நிகழ்ச்சி முடியப் போகும் நேரத்தில் வக்கீல் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். சொன்னபடியே எடுத்தார். அவர் பேசியதை அன்றே எழுதி வைத்தேன்:

"சில வாரங்களுக்கு முன் இதே நிகழ்ச்சியில் திண்டுக்கல் கிடங்கு ஒன்றைப் பற்றி எச்சரித்தேன். அதிகாரிகள் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். சம்பந்தப்பட்ட இளைஞர் விசாரணை முடிந்து இப்போது இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பியிருக்கிறார். இன்றைய தேதியில் அங்கே எந்த ஆபத்தும் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். விழிப்போடு இருந்தால் எதையும் தடுக்கலாம் என்பதற்கு இதுவே உதாரணம்."

நெறியாளர் நன்றி சொன்னார். பாய்க்கு முதலில் விளங்கவில்லை. "சொல்லிட்டாருல்ல? ஆபத்து இல்லைன்னுட்டாருல்ல?" என்று என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். ரியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "திரும்பி வந்துருக்கேனாம் அத்தா. எங்க போயிருந்தேன்னு கேளுங்க" என்றான்.

வத்தலக்குண்டிலிருந்து போன் வர ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அந்த மனிதர் கோபப்படவில்லை. இன்றைக்கு ஆபத்து இல்லை என்றால் அன்றைக்கு இருந்தது என்றுதானே பாய் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். பெண்ணுக்கு நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பேசி முடித்த பிறகு பாய் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அது மறுபடி அடித்தது. வக்கீல். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி பாய் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"என்ன பாய், திருப்திதானே? டிவிக்காரனே அசந்துட்டான்."

பாய் ரொம்ப நிதானமாகப் பேசினார். கல்யாணம் நின்றுவிட்டது என்றார். பதிலுக்காகக் காத்திராமல் அடுத்ததையும் கேட்டார். "இனி எம் மகன் என்ன செய்யணும் சார்? நீங்களே சொல்லுங்க."

ஒரு வினாடி போதும் என்றுதான் நான் காத்திருந்தேன். ஒரு வினாடி அவர் பேசாமல் இருந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

"இதுக்கென்ன பாய், அவனை சென்னைக்கு அனுப்பிருங்க. அங்க யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷத்துல எல்லாரும் மறந்துருவாங்க, அப்புறம் பொண்ணு பாப்போம். கிடங்கை வித்துருங்க, நல்ல பார்ட்டி நம்மகிட்ட இருக்கு. பேரை வேணும்னா லேசா மாத்தி வச்சுக்கலாம், அதுக்கு ஒரு மனு..."

பாய் போனை அணைக்கவில்லை. மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு, தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்ய எழுந்து போனார். அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ரியாஸும் அத்தாவின் பின்னாலேயே போனான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மேசையின் மேல் அந்தக் குரல் எந்தத் தயக்கமும் இல்லாமல் அடுத்தடுத்த வழிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆள் இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை.